மேக்ஃபைலில் முதலில் நிற்கும் விதி

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் காவேரிப்பட்டணம் வட்டாரத்து மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு முன்னால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் மினி லாரிகளும் சாலையோரமாக வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு வண்டியும் பாரத்தோடு ஒருமுறையும், பழத்தை இறக்கிய பிறகு காலியாக ஒருமுறையும் எடை மேடையில் ஏற வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விவசாயிக்குப் பணமாகும் எடை. அப்படி ஒரு தொழிற்சாலையின் எடை மேடைக்குச் சி மொழியில் ஒரு சிறு நிரலை எழுதிக் கொடுத்திருந்தேன். எடை காட்டும் கருவியிலிருந்து சீரியல் கம்பி வழியாக வரும் எண்ணைப் படித்து, வண்டி எண்ணோடும் நேரத்தோடும் சேர்த்து ரசீது அச்சிடுவதுதான் அதன் வேலை. இரண்டு பருவங்கள் அது எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

மூன்றாவது பருவத்தின் தொடக்கத்தில், அதுவரை 10 கிலோ படியில் எடை காட்டிய கருவியை 5 கிலோ படிக்கு மாற்றினார்கள். நிரலும் அதற்கேற்ப மாற வேண்டும். எடையை எத்தனை கிலோவுக்கு முழுமைப்படுத்துவது என்ற எண், எல்லாச் சி கோப்புகளும் சேர்ந்து பயன்படுத்தும் ஒரே ஒரு தலைப்புக் கோப்பில் இருந்ததால், வீட்டில் உட்கார்ந்து அந்த 10 என்ற எண்ணை 5 ஆக்கி, மாறியவற்றை மட்டும் மறுபடி தொகுத்து நிரலை உருவாக்கித் தரும் மேக் என்ற கருவிக்குக் கட்டளையிட்டேன். சி நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் தொகுப்பி ஓடியதைக் காட்டும் நீண்ட வரி திரையில் வந்தது. பிழை ஏதும் இல்லை. உருவான நிரலைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று எடை மேடை அறையின் கணினியில் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குள் தொலைபேசி அழைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பெரியவர் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கருவியின் சிவப்பு எண்களைச் சுட்டிக் காட்டினார். "பொட்டியில 1,865 காட்டுது, சீட்டுல 1,870 வருதுங்க தம்பி. காலி வண்டிக்கு அஞ்சு கிலோ ஏத்திப் போட்டா எங்க பழம்தானே குறையுது?" அவர் சொன்னதில் தவறே இல்லை. நான் மாற்றிய எண் நிரலுக்குள் போய்ச் சேரவே இல்லை.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, பழைய இடைநிலைக் கோப்புகளையெல்லாம் அழிக்கும் கிளீன் இலக்கை ஓட்டிவிட்டு, மறுபடியும் மேக் கொடுத்தேன். இம்முறை ரசீதில் 1,865 சரியாக வந்தது. காரணம் தெரியாமலே பிரச்சினை தீர்ந்துவிட்டதால், அடுத்த சில வாரங்களுக்கு ஒவ்வொரு முறையும் கிளீன் செய்த பிறகே மேக் கொடுப்பதை வழக்கமாக்கிக் கொண்டேன். நிரல் எழுதுகிறவர்களில் பலருக்கு இந்த வழக்கம் இருக்கிறது. எதை மறுபடி தொகுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று நமக்காக முடிவு செய்வதுதான் மேக்கின் ஒரே பயன். அந்த முடிவை நம்பாமல் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கினால் அதை வைத்திருப்பதில் பொருளே இல்லை. பருவம் முடிந்த பிறகு ஒருநாள் இரவு, மேக்குக்கான விதிகளை எழுதிவைத்திருந்த மேக்ஃபைல் என்ற கோப்பை வரிவரியாகப் படித்தேன். தவறு ஒரே ஒரு வரியில் இருந்தது. அந்த வரியிலும் எழுத்துப் பிழை எதுவும் இல்லை; அது நின்ற இடம்தான் பிழை.

மேக்ஃபைலில் உள்ள விதி ஒவ்வொன்றிலும் மூன்று பகுதிகள் உண்டு. முக்காற்புள்ளிக்கு இடப்புறம் இலக்கு, அதாவது உருவாக வேண்டிய கோப்பு. வலப்புறம் முன்தேவைகள், அதாவது அந்த இலக்கு உருவாவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை. அதற்குக் கீழே டேப் எழுத்தில் தொடங்கும் செயல்முறை வரிகள். ஒரு ஷெல் ஸ்கிரிப்டைப் படித்துப் பழகியவர் இதையும் மேலிருந்து கீழாக நடக்கும் கட்டளைகளின் தொடராகவே படிப்பார். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் படித்தேன். ஆனால் மேக் ஒரு கட்டளையையும் ஓட்டுவதற்கு முன்பு கோப்பு முழுவதையும் படித்து, எந்த இலக்கு எதைச் சார்ந்தது என்ற வலையை மனத்தில் கட்டிக்கொள்கிறது. அதன் பிறகு, கேட்கப்பட்ட இலக்கிலிருந்து பின்னோக்கிப் போகிறது. கூழ் அடைத்த டப்பா வேண்டுமென்றால் கூழும் வேண்டும், காலி டப்பாவும் வேண்டும். கூழ் வேண்டுமென்றால் கழுவிய பழம் வேண்டும். பழம் கழுவப்பட வேண்டுமென்றால் அது பழுத்திருக்க வேண்டும். காலி டப்பா வந்து சேர்ந்தது பழம் கழுவுவதற்கு முன்பா பின்பா என்பது யாருக்கும் பொருட்டில்லை. மேக்கும் அப்படியே யோசிக்கிறது. தொகுத்த துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் விதி தொகுக்கும் விதிக்கு மேலே எழுதப்பட்டிருந்தாலும் கீழே எழுதப்பட்டிருந்தாலும், முன்தேவை முதலில் உருவாகும், இலக்கு பிறகு உருவாகும்.

இதுதான் பொது நியதி. இதைப் புரிந்துகொண்ட உடனே, விதிகளின் வரிசை பொருட்டே இல்லை என்று முடிவுகட்டிவிடுவது எளிது. நான் விழுந்த குழி அதுதான். வரிசை பொருட்டாகும் இடங்கள் சிலவே. ஆனால் அந்தச் சில இடங்களில் மேக் ஒரு எச்சரிக்கையும் தராமல் நாம் நினைக்காத ஒன்றைச் செய்துவிடும்.

அவற்றில் முதன்மையானது இயல்பு இலக்கு. எந்த இலக்கின் பெயரும் தராமல் வெறுமனே மேக் என்று கட்டளையிட்டால், கோப்பில் முதலில் வரும் விதியின் முதல் இலக்கைத்தான் நாம் கேட்பதாக அது எடுத்துக்கொள்கிறது. புள்ளியில் தொடங்கும் பெயர்கள், நடுவே சாய்கோடு இல்லாத பட்சத்தில், இந்தக் கணக்கில் வருவதில்லை. சதவீதக் குறி கொண்டு பல கோப்புகளுக்குச் சேர்த்து எழுதும் மாதிரி விதிகளும் வருவதில்லை. அதனால்தான், கோப்பாக உருவாகாத இலக்குகளைக் குறிக்கும், புள்ளியில் தொடங்கும் போனி அறிவிப்பை உச்சியில் வைத்தாலும் கேடு நேர்வதில்லை. பெரும்பாலோர் "அனைத்தும்" என்று பொருள்படும் ஆல் என்ற இலக்கை முதல் விதியாக எழுதுகிறார்கள், நானும் எழுதியிருந்தேன். பிறகு எப்படித் தவறியது?

என் நிரல் மூன்று சி கோப்புகளால் ஆனது. அவற்றைத் தமிழ்ப் பெயரிலேயே சொல்கிறேன்: முதன்மை.சி, எடை.சி, ரசீது.சி. மூன்றும் பொது.எச் என்ற தலைப்புக் கோப்பைப் பயன்படுத்தின. எந்தச் சி கோப்பு எந்தத் தலைப்புக் கோப்பைச் சார்ந்திருக்கிறது என்பதைக் கையால் எழுதிவைத்தால் அது என்றாவது ஒருநாள் பழசாகிவிடும் என்பதால், அந்த வேலையைத் தொகுப்பியிடமே விட்டிருந்தேன். ஜிசிசி தொகுப்பிக்கு எம்எம்டி என்ற சுவிட்சை, அதாவது கட்டளையோடு தரும் விருப்பக் குறியைக் கொடுத்தால், முதன்மை.சி கோப்பின் தொகுத்த வடிவமான முதன்மை.ஓ என்ற ஆப்ஜெக்ட் கோப்பு உருவாகும்போதே முதன்மை.டி என்ற சிறு கோப்பையும் அது எழுதிவைக்கும். அதில் ஒரே ஒரு விதி இருக்கும்: முதன்மை.ஓ என்ற இலக்கு; அதற்கு முதன்மை.சி, பொது.எச் என்ற முன்தேவைகள். இந்த டி கோப்புகளை மேக்ஃபைலுக்குள் இன்க்ளூட் வரியால் சேர்த்துக்கொண்டால், தலைப்புக் கோப்பு மாறும்போது அதைச் சார்ந்தவை மட்டும் மறுபடி தொகுக்கப்படும். இன்றளவும் நான் விரும்பும் ஏற்பாடு இது. ஆனால் சி நிரலில் இன்க்ளூட் வரிகளை உச்சியில் எழுதிப் பழகிய கை, இங்கேயும் அந்த வரியை உச்சியில், ஆல் விதிக்கு மேலேயே எழுதிவிட்டது.

முதன்முறை தொகுக்கும்போது டி கோப்புகள் எவையும் இல்லை. இன்க்ளூட் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தால், இல்லாத கோப்பைப் பற்றி மேக் முறையிடுவதில்லை. ஆகவே அது அவற்றைக் கடந்து சென்று ஆல் விதியைக் கண்டு, அதையே இயல்பு இலக்காகக் கொண்டு எல்லாவற்றையும் தொகுத்து இணைத்துத் தந்தது. இரண்டாம் முறை டி கோப்புகள் வந்துவிட்டன. இன்க்ளூட் வரி நிற்கும் இடத்திலேயே முதன்மை.டி கோப்பின் உள்ளடக்கம் விரிவதால், மேக்கின் கண்ணில் படும் முதல் இலக்கு முதன்மை.ஓ ஆகிவிட்டது. பொது.எச் மாறியிருந்ததால் முதன்மை.சி மறுபடி தொகுக்கப்பட்டது. நான் பார்த்த நீண்ட வரி அதுதான். கேட்ட இலக்கு கிடைத்துவிட்டதால் மேக் அத்துடன் நின்றுவிட்டது. எடை.சி தொகுக்கப்படவில்லை, ரசீது.சி தொகுக்கப்படவில்லை, இணைப்பும் நடக்கவில்லை. பென் டிரைவில் போனது முந்தைய ஆண்டு உருவான நிரல். கிளீன் இலக்கு டி கோப்புகளையும் சேர்த்து அழித்துவிடுவதால், அதற்குப் பிறகு வரும் மேக் எப்போதும் முதன்முறைபோல் நடந்து, குற்றத்தின் தடயத்தைத் தானே துடைத்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்த இரவில், மேக் பிறந்த கதை எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. 1976 ஏப்ரலில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இதை எழுதத் தொடங்கியதற்குக் காரணம், இலக்கண விதிகளிலிருந்து பாகுபடுத்தும் நிரலை எழுதித் தரும் யாக் கருவியை உருவாக்கிய ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப் பொழுதை வீணாக்கியதுதான். அவர் தன் நிரலில் இருந்த பிழையைத் திருத்திவிட்டார். ஆனால் திருத்திய கோப்பு மறுபடி தொகுக்கப்படாமல் பழைய ஆப்ஜெக்ட் கோப்பே இணைக்கப்பட்டிருந்தது. சரியாக இருந்த நிரலில் இல்லாத பிழையை அவர் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் துன்பம் வேறொருவருக்கும் வரக் கூடாது என்று எழுதப்பட்ட கருவிக்காக ஃபெல்ட்மனுக்கு கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம் தரும் மென்பொருள் அமைப்பு விருது 2003ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது. ஒரு வரியைத் தவறான இடத்தில் வைத்ததால் அதே துன்பத்தை அந்தக் கருவியைக் கொண்டே நான் வரவழைத்துக்கொண்டதை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது. ரசீதைக் கூர்ந்து பார்க்காத விவசாயிகளின் கணக்கில் அன்று காலை எத்தனை ஐந்து கிலோக்கள் குறைந்தன என்பதை ரசீது நகல்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் திருத்திக் கொடுத்தோம். அதில் முக்கால் நாள் போனது.

தீர்வு எளிது. டி கோப்புகளைச் சேர்க்கும் இன்க்ளூட் வரி மேக்ஃபைலின் கடைசியில் இருக்க வேண்டும். மேக்கின் பரவலான வடிவமான குனூ மேக்கின் 3.81ஆம் பதிப்பிலிருந்து இயல்பு இலக்கைப் பெயர் சொல்லியே அறிவிக்கும் ஒரு சிறப்பு மாறியும் உண்டு. இரண்டையும் செய்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம். கோப்பை வேறொருவர் திருத்தும்போது எந்த வரி எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

இயல்பு இலக்குக்கு அடுத்தபடியாக என்னை நெடுநேரம் உட்கார வைத்தது மாறிகள் விரியும் நேரம், அதாவது மாறியின் பெயர் நிற்கும் இடத்தில் அதன் மதிப்பு வந்து அமரும் நேரம். மேக் கோப்பைப் படிக்கும் கட்டமும் கட்டளைகளை ஓட்டும் கட்டமும் தனித்தனியானவை என்பதை முன்பே சொன்னேன். இலக்குகளிலும் முன்தேவைகளிலும் வரும் மாறிகள் படிக்கும் கட்டத்திலேயே, அந்த வரியைக் கண்ட கணத்திலேயே விரிகின்றன. செயல்முறை வரிகளில் வரும் மாறிகளோ அந்தக் கட்டளை ஓடும்போதுதான் விரிகின்றன. ஆப்ஜெக்ட் கோப்புகளின் பட்டியலை ஒரு மாறியில் வைத்து, அதை இணைப்பு விதிக்குக் கீழே வரையறுத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். முன்தேவைப் பகுதியில் அந்த மாறி வெறுமையாக விரியும், ஏனென்றால் அதற்கு அப்போது மதிப்பே இல்லை. செயல்முறை வரியிலோ அதே மாறி முழுப் பட்டியலாக விரியும், ஏனென்றால் அதற்குள் கோப்பு முழுவதும் படிக்கப்பட்டுவிட்டது. ஆப்ஜெக்ட் கோப்புகள் ஏற்கெனவே கிடந்தால் இணைப்பு ஒருமுறை நன்றாகவே நடந்துவிடும். அதன் பிறகு அந்த இலக்குக்கு முன்தேவையே இல்லை என்று மேக் நம்புவதால், நாம் எந்தச் சி கோப்பைத் திருத்தினாலும் இலக்கு புதுமையாகவே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும். சமக்குறிக்கு முன் முக்காற்புள்ளி இட்டு எழுதும் உடனடி வரையறைக்கும் வெறும் சமக்குறி இட்டு எழுதும் தள்ளிப்போடும் வரையறைக்கும் உள்ள வேறுபாட்டைப் பலரும் படித்திருப்பார்கள். ஆனால் எந்த வகையில் வரையறுத்தாலும் முன்தேவையில் வரும் மாறி விதிக்கு மேலேயே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை அவ்வளவாக யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

ஒரே இலக்குக்கு இரண்டு விதிகள் எழுதினால் அவற்றின் முன்தேவைகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். டி கோப்புகள் வேலை செய்வதே இந்தச் சேர்க்கையால்தான். இரண்டிலும் செயல்முறை வரிகள் இருந்தால் பின்னால் வந்தது நிலைக்கும், முன்னது தள்ளுபடியாகும். இதற்கு மட்டும் மேக் எச்சரிக்கை தருகிறது. இரட்டை முக்காற்புள்ளி விதிகள் இதற்கு விலக்கு. அவை எழுதிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஓடும். அவற்றை நான் ஒருமுறைகூடப் பயன்படுத்த நேர்ந்ததில்லை.

மாதிரி விதிகளின் கதை வேறு. எல்லா ஓ கோப்புகளுக்கும் பொருந்தும் ஒரு விதியும், சோதனை_ என்று தொடங்கும் ஓ கோப்புகளுக்கு மட்டும் பொருந்தும் இன்னொரு விதியும் இருந்தால், சோதனை_எடை.ஓ என்ற இலக்குக்கு எது பொருந்தும்? 2010இல் வந்த குனூ மேக் 3.82 முதல், சதவீதக் குறிக்குள் அடங்கும் பகுதி எதில் குறுகியதோ அந்த விதி தேர்ந்தெடுக்கப்படுகிறது; இரண்டிலும் சமமாக இருந்தால் மட்டுமே கோப்பில் முந்தி நிற்பது வெல்லும். அதற்கு முந்தைய பதிப்புகளில் எப்போதும் முந்தி நிற்பதே வென்றது. ஆப்பிள் கணினிகளோடு வரும் மேக் இன்னும் 3.81ஆகவே இருப்பதால், லினக்ஸில் சரியாகத் தொகுக்கப்படும் நிரல் அங்கே வேறு சுவிட்சுகளோடு தொகுக்கப்படலாம். சிறப்பு விதியை மேலேயும் பொது விதியைக் கீழேயும் எழுதினால் இரண்டு இடங்களிலும் ஒரே விடை கிடைக்கும். ஒரு பைசா செலவில்லாத பழக்கம் இது.

மேலும் ஒரு வரிசை உண்டு. அது விதிகளுக்கு இடையிலானது அன்று, ஒரு விதிக்குள் முன்தேவைகள் நிற்கும் வரிசை. ரசீதின் அடியில் நிரலின் பதிப்பு எண்ணை அச்சிட வேண்டும் என்று தொழிற்சாலையில் கேட்டபோது, ஒரு சிறு ஸ்கிரிப்ட் பதிப்பு.எச் என்ற தலைப்புக் கோப்பை உருவாக்கும்படி செய்தேன். ஆல் இலக்கின் முன்தேவைகளில் பதிப்பு.எச் கோப்பை முதலிலும் நிரலை அடுத்தும் எழுதினேன். மேக் முன்தேவைகளை இடமிருந்து வலமாக எடுத்துக்கொள்வதால், தலைப்புக் கோப்பு எப்போதும் முதலில் உருவானது. எல்லாம் சரியாக நடந்தது. நான்கு உள்ளகங்கள் (கோர்கள்) கொண்ட புதிய மடிக்கணினி வாங்கி, ஒரே நேரத்தில் நான்கு வேலைகளை ஓட்டச் சொல்லும் ஜே சுவிட்சைக் கொடுத்த அன்று, பதிப்பு.எச் கிடைக்கவில்லை என்று தொகுப்பி நின்றது. மறுமுறை ஓட்டினால் சரியாகப் போனது. இடமிருந்து வலம் என்பது தொடங்கும் வரிசை மட்டுமே. முதலாவது முடிந்த பிறகுதான் இரண்டாவது தொடங்க வேண்டும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. ரசீது.ஓ உருவாவதற்குப் பதிப்பு.எச் தேவை என்று நான் எங்குமே எழுதவில்லை. எழுதாத தொடர்பை மேக் எப்படி அறியும்? இத்தனை நாளும் அது தற்செயலாகத்தான் நிறைவேறி வந்திருக்கிறது.

இந்த இடத்துக்குப் பொருத்தமான ஓர் ஏற்பாடு குனூ மேக்கில் இருக்கிறது. முன்தேவைகளின் பட்டியலில் ஒரு நிமிர்ந்த கோட்டை இட்டு, அதற்கு வலப்புறம் எழுதப்படுபவை வரிசைக்கு மட்டுமான முன்தேவைகள் ஆகும். அவை முதலில் உருவாகியிருக்க வேண்டும். ஆனால் அவை புதிதாக மாறின என்பதற்காக இலக்கு மறுபடி உருவாகாது. எல்லா ஓ கோப்புகளுக்கும் பதிப்பு.எச் கோப்பை இந்தக் கோட்டுக்கு வலப்புறம் எழுதிவிட்டால், முதல் தொகுப்பில் அது கட்டாயம் முந்தி உருவாகும். எந்த ஓ கோப்பு அதை உண்மையில் பயன்படுத்துகிறது என்பதை அந்த முதல் தொகுப்பில் உருவாகும் டி கோப்புகள் அடுத்த முறையிலிருந்து சொல்லிவிடும். ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தனி அடைவில் (ஃபோல்டரில்) வைப்பவர்களுக்கும் இதே கோடு தேவைப்படும். ஓர் அடைவுக்குள் புதிய கோப்பு ஒன்று விழும்போதெல்லாம் அந்த அடைவின் நேரமுத்திரை, அதாவது அது கடைசியாக மாறிய நேரம், மாறுகிறது; அடைவைச் சாதாரண முன்தேவையாக எழுதினால், அதில் கோப்பு சேரும்தோறும் மற்ற கோப்புகள் பழசாகிவிட்டதாக மேக் எண்ணிக்கொண்டு தேவையில்லாமல் தொகுத்துக்கொண்டே இருக்கும்.

2022 அக்டோபரில் வெளிவந்த 4.4ஆம் பதிப்பில், முன்தேவைகளின் வரிசையை வேண்டுமென்றே குலைத்துவிட்டு ஓட்டும் ஷஃபிள் என்ற சுவிட்சைச் சேர்த்திருக்கிறார்கள். எழுதாமல் விட்ட தொடர்புகள் இதில் வெகு விரைவில் வெளிப்பட்டுவிடும். இதைப் போன்ற ஒரு வசதி எனக்கு முதல் பருவத்திலேயே கிடைத்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். முன்தேவைகளுக்கு நடுவே "இதுவரை உள்ளவை முடியட்டும்" என்று நிறுத்திவைக்கும் வெய்ட் என்ற குறியும் அதே பதிப்பில் வந்தது. அதை நான் தவிர்க்கிறேன். காத்திருக்கச் சொல்வதைவிட எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை முன்தேவையாக எழுதுவது, கோப்பைப் பின்னால் படிப்பவருக்கும் காரணத்தைச் சொல்லும்.

இப்போது என் மேக்ஃபைலில் மாறிகள் மேலே இருக்கின்றன, ஆல் விதி முதல் விதியாக இருக்கிறது, இன்க்ளூட் வரி கடைசி வரியாக இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதியில், பழம் வரத் தொடங்குவதற்கு முன்பு, கிளீன் செய்துவிட்டு ஷஃபிளும் ஜேவும் கொடுத்து ஐந்தாறு முறை தொகுத்துப் பார்க்கிறேன். பிறகு பொது.எச் கோப்பின் நேரமுத்திரையை மட்டும் புதுப்பித்து, கிளீன் செய்யாமல் ஒருமுறை மேக் கொடுத்து, மூன்று சி கோப்புகளும் தொகுக்கப்பட்டு இணைப்பு வரியும் வருகிறதா என்று எண்ணிப் பார்க்கிறேன். கடைசியாக எதையும் தொடாமல் மறுபடி ஒரு மேக். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று திரை சொல்லும்போது, அந்த வரியில் இருக்கும் பெயர் முதன்மை.ஓ அன்று, ஆல்தான் என்று பார்த்த பிறகே பென் டிரைவை எடுக்கிறேன்.